விலங்கு வந்த வழியும் பெயர் வந்த வழியும்

அரபு நாட்டு மணல்வெளியில் யானை பிறப்பதில்லை; மயில் அகவுவதில்லை; சேற்றை நாடும் எருமைக்கு அங்கே இடமில்லை. ஆயினும் இம்மூன்றுக்கும் அரபு மொழியில் தொன்மையான பெயர்கள் நிலைபெற்றுள்ளன. யானை ‘ஃபீல்’, மயில் ‘தாவூஸ்’, எருமை ‘ஜாமூஸ்’. காண்டாமிருகத்தைக் குறிக்கும் ‘கர்கதன்’ என்பதையும் இவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம். இவற்றுள் எதுவும் அரபு வேரில் முளைத்த சொல்லன்று. எல்லாம் பிறமொழிகளிலிருந்து வந்து, அரபு ஒலிக்கு இசைந்து, அம்மொழியின் குடிகளாகிவிட்டவை.

இது மொழியறிஞர்க்கு மட்டும் உரிய செய்தி என்று எண்ண வேண்டியதில்லை. மன்னார்க் கரையில் வாழும் நமக்கும் இதில் பங்குண்டு. மன்னாருக்குத் தெற்கே, முசலிப் பிரதேசத்தின் எல்லையில், வில்பத்துக் காட்டை ஒட்டிக் கிடக்கிறது முள்ளிக்குளம். ஒருபுறம் காடு, மறுபுறம் கடல். காட்டில் யானையும் மயிலும் எருமையும் உண்டு. கடலில் உலகப் புகழ் பெற்றிருந்த முத்துப் பார்கள் உண்டு. வடக்கே மாந்தைத் துறைமுகம் இருந்தது. இப்பகுதியை நாடி மேற்குத் திசைக் கப்பல்கள் வந்தன. இலங்கையின் யானையும் தந்தமும் முத்தும் கடல் கடந்து போயின. விலங்கு இம்மண்ணுக்கு உரியதாக இருக்க, பெயர் மட்டும் ஏன் இம்மண்ணிலிருந்து போகவில்லை? தமிழின் ‘யானை’யோ சிங்களத்தின் ‘அலியா’வோ அரபு அகராதியில் ஏறாமற் போனது ஏன்? இவ்வினாவுக்கு விடை தேடிச் சென்றால், சொற்களின் வரலாற்றினூடே மனிதரின் வரலாறும் வெளிப்படுவதைக் காணலாம்.

ஃபீல்

திருக்குர்ஆனின் 105 ஆம் அத்தியாயத்துக்கு ‘அல்-ஃபீல்’ என்று பெயர். ஐந்தே வசனங்கள் கொண்ட அச்சிறு அத்தியாயம், யானையோடு படையெடுத்து வந்தவர்களின் அழிவைக் கூறுகிறது. யெமனை ஆண்ட அபிசீனியனான அப்ரஹா மக்காவின் மீது படைகொண்டு வந்த நிகழ்ச்சி அது என்பது இஸ்லாமிய மரபு. அந்த ஆண்டையே ‘யானை ஆண்டு’ என்று வழங்கினர். மரபுக் கணக்கு அதனைக் கி.பி. 570 ஐ ஒட்டி வைக்கும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அபிசீனியர் கொணர்ந்த யானை பெரும்பாலும் ஆபிரிக்க யானையாகவே இருத்தல் கூடும். ஆனால் அதன் பெயர் ஆபிரிக்காவிலிருந்து வரவில்லை. எத்தியோப்பியாவின் பழைய மொழியில் யானைக்கு வழங்கிய சொல் முற்றிலும் வேறு. ‘ஃபீல்’ என்பது பாரசீகத்தின் ‘பீல்’. விலங்கு செங்கடலுக்கு அப்பாலிருந்து வந்தது. பெயர் பாரசீக வளைகுடாவுக்கு அப்பாலிருந்து வந்தது. இரண்டும் இருவேறு வழிகள்.

அரபு மொழியில் வல்லினப் பகரம் இல்லை. ஆதலால் ‘பீல்’ என்பது ‘ஃபீல்’ ஆயிற்று. நம் மொழியிலோ ‘ஃ’ சேர்ந்த அவ்வொலி இல்லை. ஆதலால் அரபிலிருந்து வந்த ‘ஃபாத்திமா’ நம் ஊர்களில் ‘பாத்திமா’ ஆயிற்று. ஒரே வாயிலின் இருபுறத்தும் நின்று இரு மொழிகளும் ஒரே தொழிலைச் செய்திருக்கின்றன. இதில் எம்மொழிக்கும் இழுக்கில்லை.

பாரசீகத்துக்கும் முந்திய அக்காதிய மொழியில் யானையைக் குறிக்கப் ‘பீரு’, ‘பீலு’ என்னும் வடிவங்கள் வழங்கின. வடமொழியிலும் ‘பீலு’ உண்டு. இவற்றின் மூலம் எது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த முடிவில்லை. 2021 ஆம் ஆண்டில் பகதா அம்சுமாலி முகோபாத்யாய் என்னும் ஆய்வாளர், இச்சொல் சிந்துவெளியில் பேசப்பட்ட தொல்திராவிட மொழியிலிருந்து சென்றது என்றும், பல்லைக் குறித்த சொல்லே தந்தத்துக்கும் யானைக்கும் பெயராயிற்று என்றும் வாதிட்டார். கவர்ச்சியான கருத்துத்தான். ஆனால் கி.மு. முதல் ஆயிரத்தாண்டின் முற்பகுதி வரை சிரியாவிலேயே யானைகள் வாழ்ந்தன என்பதையும், அசீரிய மன்னர் அவற்றை வேட்டையாடியதைத் தம் கல்வெட்டுகளில் பொறித்துள்ளனர் என்பதையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். வீட்டு வாசலில் நின்ற விலங்குக்குப் பெயரிட அம்மக்கள் தூரதேசத்தை எதிர்பார்த்திருந்தனர் என்று உறுதியாகச் சொல்லிவிட இயலாது. தமிழன் என்ற பெருமிதம் சான்றுக்கு முன்னே ஓடக்கூடாது.

துறைமுகத்தில் பேசிய மொழி

இலங்கை யானையின் கடல் வாணிகம் மிகப் பழையது. கிரேக்க மொழியில் எழுதிய ஏலியன், தப்ரபேன் எனப்பட்ட இலங்கையின் மக்கள் யானைகளைப் பெரிய மரக்கலங்களில் ஏற்றிக் கலிங்க மன்னனுக்கு விற்றனர் என்று குறித்துள்ளார். கி.பி. 6 ஆம் நூற்றாண்டினரான கொஸ்மஸ், இத்தீவின் அரசன் யானைகளை உயரத்தை முழக்கணக்கில் அளந்து விலை கொடுத்து வாங்கினான் என்றும், பாரசீகத்திலிருந்து குதிரைகளைக் கொண்டுவருவோர்க்குச் சுங்கத்தை விலக்கினான் என்றும் எழுதினார். பாரசீகக் கிறித்தவரின் குடியிருப்பு ஒன்று இங்கு இருந்தமையையும் அவர் கூறுகிறார்.

கொஸ்மஸ் கூறும் செய்தியில்தான் நம் வினாவுக்கு விடையின் ஒரு பாதி கிடக்கிறது. இஸ்லாம் தோன்றுவதற்கு முன்பே இக்கடலில் பாரசீக வணிகர் வேரூன்றியிருந்தனர். 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் மாந்தையில் நடைபெற்ற அகழ்வாய்வு, வளைகுடாப் பகுதியின் மட்பாண்டங்களையும் சீனப் பாண்டங்களையும் ஒருங்கே வெளிக்கொணர்ந்தது. அரபு வணிகர் பெருந்தொகையாக இத்துறைக்கு வந்தபோது, யானைக்கு ஒரு பெயரை அவர்கள் ஏற்கெனவே பாரசீகத்திடம் பெற்றிருந்தனர். அவர்களுடைய வேதத்திலேயே அச்சொல் இடம்பெற்றிருந்தது. கையில் சொல் வைத்திருந்தவனுக்குப் புதுச்சொல் தேவைப்படவில்லை.

பாரசீகத்தின் செல்வாக்கு எவ்வளவு நீடித்தது என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. 1344 இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, புத்தளக் கரையில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். முத்துக் குவியலின் நடுவே அமர்ந்திருந்த அத்தமிழ் மன்னனுக்குப் பாரசீக மொழி விளங்கியது என்று அவர் தம் பயண நூலில் குறித்தார். மொரோக்கோவிலிருந்து வந்த அரபு மொழியினரும் யாழ்ப்பாணத் தமிழ் அரசனும் கைகுலுக்கிக்கொள்ளப் பாரசீகம் பாலமாயிற்று. வாணிகத்தின் மொழி எதுவோ அதுவே பொருளுக்குப் பெயரும் இடுகிறது.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு சான்றையும் பார்க்கலாம். குதிரை தமிழகத்தில் இயல்பாகப் பெருகும் விலங்கன்று. கடல்வழி வந்த குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. பாண்டிய நாட்டுக்கு வளைகுடாத் துறைகளிலிருந்து ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் சென்றன என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதினார். பேணத் தெரியாமையால் அவை விரைவில் மாண்டன என்பது 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோவின் குறிப்பு. இத்தனை குதிரைகளை அரபு நாட்டார் கொணர்ந்தும், குதிரைக்கு அரபுப் பெயர் தமிழில் நிலைக்கவில்லை. குதிரை, பரி, புரவி, இவுளி என்று நம்மிடம் சொற்கள் முன்பே இருந்தன. ஒட்டகமும் அத்தகையதே. அரபு நாட்டின் அடையாளமாக நாம் கருதும் அவ்விலங்கின் பெயரை நாம் அரபு வணிகனிடம் கேட்டுப் பெறவில்லை. தொல்காப்பியத்து மரபியலிலேயே ‘ஒட்டகம்’ இடம்பெறுகிறது. அது வடக்கேயிருந்து, வடமொழி, பிராகிருத வழியாக வந்த சொல்.

வான்கோழியின் கதை இதனினும் வேடிக்கையானது. அமெரிக்காவில் பிறந்த அப்பறவையை ஆங்கிலேயர் துருக்கி நாட்டின் பெயரால் அழைக்கின்றனர். துருக்கியரோ ‘இந்தி’, அதாவது இந்தியப் பறவை என்கின்றனர். எகிப்தில் அது ‘ரோமச் சேவல்’. போர்த்துக்கேயருக்கு அது ‘பெரு’. ஒல்லாந்தர் கோழிக்கோட்டின் பெயரால் ‘கல்கூன்’ என்றனர். அதுவே சிங்களத்தில் ‘களுகும்’ ஆயிற்று. ஒவ்வொரு நாட்டாரும் அதனை வேறொரு நாட்டின் பெயரால் அழைத்தனர்; அது பிறந்த மண்ணில் அதனை வளர்த்த மெக்சிக்கோவின் பழங்குடிகள் இட்ட பெயரை இவர்களுள் யாரும் கேட்கவில்லை. பெயரைக் கொண்டு பிறப்பிடத்தைத் தீர்மானிப்பவர் எவ்வளவு தவறக்கூடும் என்பதற்கு இதைவிட எளிய பாடம் வேண்டியதில்லை.

மயிலும் நம் பெருமிதமும்

யானையை விட்டு மயிலுக்கு வந்தால் தமிழரின் உள்ளம் சற்றுக் கிளர்ச்சியுறும். சாலமோன் மன்னனின் கப்பல்கள் பொன், வெள்ளி, தந்தம், குரங்கு, மயில் ஆகியவற்றைக் கொண்டுவந்தன என்று விவிலியத்தின் அரசர் ஆகமம் கூறும். அங்கே மயிலைக் குறிப்பதாகக் கொள்ளப்படும் எபிரேயச் சொல் ‘துக்கி’. இது தமிழின் ‘தோகை’யே என்று ராபர்ட் கால்டுவெல் 1856 இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கணத்தில் எழுதினார். எழுத்தில் பதிவான திராவிடச் சொற்களுள் மிகப் பழையது இது என்பது அவர் மதிப்பு. அன்று தொட்டு இன்று வரை மேடைதோறும் இச்செய்தி முழங்குகிறது.

கால்டுவெல்லின் கருத்தைப் பொருளற்றது என்று ஒதுக்க இயலாது. அறிஞர் பலர் அதனை ஏற்றனர். மறுத்தோரும் உண்டு. அச்சொல் மயிலைக் குறிக்கவில்லை, எகிப்திய மொழி வழியாகச் சென்ற ஒருவகைக் குரங்கின் பெயர் அது என்பது அவர்தம் வாதம். இன்றைய எபிரேயத்தில் ‘துக்கி’ என்றால் கிளி! மயிலுக்கு அவர்களும் அரபு ‘தாவூஸ்’ என்பதன் உறவான ‘தவாஸ்’ என்ற சொல்லையே வழங்குகின்றனர்.

தாவூஸ் எங்கிருந்து வந்தது? கிரேக்கத்தின் ‘தவோஸ்’ அரமேய மொழியினூடே அரபுக்குச் சென்று ‘தாவூஸ்’ ஆயிற்று என்பதே பெரும்பான்மைக் கருத்து. அக்கிரேக்கச் சொல்லும் கிழக்கேயிருந்து சென்றதே. அதனையும் ‘தோகை’யோடு இணைப்போர் உளர். எனினும் இடைப்பட்ட வடிவங்கள் கிடைக்காமையால் அது ஊகமாகவே நிற்கிறது. ஆசியப் பறவை ஒன்று கிரேக்கம் சென்று, கிரேக்கப் பெயர் பெற்று, அப்பெயரோடு மீண்டும் ஆசியாவுக்குத் திரும்பியிருக்கிறது என்பது மட்டும் தெளிவு. அதன் பயணம் அங்கும் முடியவில்லை. 1635 இல் ஷாஜகான் ஏறி அமர்ந்த மயிலாசனத்துக்குத் ‘தக்த்-ஏ-தாவூஸ்’ என்று பெயர். மயிலின் தாய்நாடாகிய இந்தியாவிலேயே மயில் அந்நியப் பெயரோடு அரியணை ஏறியது. 1739 இல் நாதிர்ஷா அவ்வாசனத்தைச் சூறையாடிக் கொண்டு போனான். ஆசனத்துக்காகக் கல் வெட்டியவன், மணி பதித்தவன், அதற்கெல்லாம் வரி கொடுத்த உழவன் ஆகியோர் தம் தோட்டத்து மயிலை என்ன பெயரால் அழைத்தனரோ, அதனை அரண்மனை கேட்கவில்லை.

எருமையோடு பெயர்க்கப்பட்ட மக்கள்

இச்சொற்களுள் மனிதத் துன்பத்தை மிகுதியாகச் சுமந்து நிற்பது ‘ஜாமூஸ்’. பாரசீகத்தின் ‘காவ்-மேஷ்’ என்பதே இது. ‘காவ்’ பசு; ‘மேஷ்’ பெண் ஆடு. 9 ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்து, ‘விலங்குகளின் நூல்’ எழுதிய அல்-ஜாஹிஸ், இச்சொல்லின் பாரசீக மூலத்தை அறிந்து எடுத்துரைத்துள்ளார்.

ஈராக்கின் சதுப்பு நிலத்தில் எருமை பெருகிய கதை இலங்கையோடு தொடர்புடையது. ‘மாணிக்கத் தீவின்’ அரசன், தன் நாட்டில் இறந்துபோன முஸ்லிம் வணிகரின் பெண்மக்களை ஈராக்கின் ஆளுநர் அல்-ஹஜ்ஜாஜிடம் கப்பலில் அனுப்பினான். சிந்துவின் தேபல் துறையருகே கடற்கொள்ளையர் அக்கப்பலைக் கைப்பற்றினர். அதனைக் காரணமாகக் காட்டியே சிந்துவின் மீது படையெடுப்பு நிகழ்ந்தது என்று 9 ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் அல்-பலாதுரி எழுதினார். மாணிக்கத் தீவு இலங்கையே என்பது வரலாற்றாசிரியர் பலரின் கொள்கை. கி.பி. 711-712 இல் முகம்மது இப்னு காசிம் சிந்துவை வென்றான். எந்தப் பேரரசும் காரணமின்றிப் படையெடுப்பதில்லை. காரணத்தைத் தேடிக்கொள்ளத் தவறுவதும் இல்லை.

வென்ற நாட்டிலிருந்து பொன்னும் மணியும் மட்டும் போகவில்லை. ஜாட் எனப்படும் மேய்ச்சல் மக்கள் தம் பெண்டு பிள்ளைகளோடும் எருமைகளோடும் கீழ் ஈராக்கின் சதுப்பு நிலத்தில் கொண்டுபோய்க் குடியேற்றப்பட்டனர். அரபு நூல்கள் அவர்களை ‘ஸுத்’ என்கின்றன. அந்தியோக்கியா வழியில் சிங்கத் தொல்லை மிகுந்தபோது, அதனைத் தடுக்கக் கலீபா அல்-வலீத் அவ்விடத்துக்கு 4,000 எருமைகளை அனுப்பினான் என்று அல்-பலாதுரி கூறுகிறார். எருமைக்குக் கணக்கு எழுதப்பட்டது; அவற்றை ஓட்டிச் சென்றவர் எத்தனை பேர் என்ற கணக்கு எழுதப்படவில்லை.

ஒரு நூற்றாண்டு கழித்து அம்மக்கள் கிளர்ந்தெழுந்தனர். பஸ்ராவுக்கும் பக்தாதுக்கும் இடையிலான நீர்வழியை அடைத்தனர். 834-835 இல் கலீபா அல்-முஃதஸிமின் படை அக்கிளர்ச்சியை ஒடுக்கியது. சரணடைந்தோர் பெண்டு பிள்ளைகள் உட்பட 27,000 பேர் என்று தபரி எழுதினார். படகுகளில் ஏற்றப்பட்டுப் பக்தாத் மக்களுக்குக் காட்சிப்பொருளாக்கப்பட்ட பின், பைசாந்திய எல்லையிலிருந்த அய்ன் ஸர்பாவுக்கு அவர்கள் பெயர்க்கப்பட்டனர். 855 இல் பைசாந்தியர் அவ்வூரைத் தாக்கி, அவர்களை மனைவி மக்களோடும் எருமைகளோடும் மாடுகளோடும் சிறைகொண்டு போயினர். அதன்பின் அவர்கள் வரலாற்று ஏட்டிலிருந்து மறைந்துவிட்டனர்.

‘ஜாமூஸ்’ மறையவில்லை. எகிப்திலும் ஈராக்கிலும் இன்றும் உழவன் நாவில் வாழ்கிறது. ஈராக்கின் சதுப்பு நிலத்தில் எருமை மேய்த்தோரின் துயரமும் ஒரு காலத்தோடு முடியவில்லை. 1991 ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் சதாம் ஹுசைனின் அரசு அந்நீர்நிலைகளை வற்றச் செய்தபோது, அங்கு வாழ்ந்த அரபு மக்கள் எருமைகளோடு மீண்டும் சிதறினர். 2003 க்குப் பின்னரே ஒரு பகுதிக்கு நீர் திரும்பியது. இடம்பெயர்த்தல் என்னும் தண்டனையை ஆள்வோர் எந்தக் காலத்திலும் மறந்ததில்லை.

ஏட்டில் இல்லாத பாகன்

அகராதி சொல்லை ஏற்கிறது. சொல்லைச் சுமந்து வந்தவனை ஏற்பதில்லை. கலீபா ஹாரூன் அல்-ரஷீத், பிராங்கிய மன்னன் சார்லமேனுக்கு ஒரு யானையை அனுப்பினார். 802 ஆம் ஆண்டு ஜூலை மாதம் அது ஆகென் நகரை அடைந்தது. 810 இல் இறந்தது. பிராங்கிய அரசின் ஆண்டுக் குறிப்புகள் அதனை மறவாமல் பதிந்துள்ளன. யானையின் பெயர் அபுல் அப்பாஸ். அதனைக் கொண்டு சேர்த்த தூதரின் பெயர் ஐசாக்கு. அனுப்பிய மன்னன் பெயர் உண்டு. பெற்ற மன்னன் பெயர் உண்டு. கடலிலும் பனிமலையிலும் அவ்விலங்குக்குத் தீனியும் நீரும் கொடுத்து உயிரோடு கொண்டுசென்ற பாகனின் பெயர் அங்கே இல்லை.

யானையை நேரிற் காணாத நாடுகளிலும் அரபின் ‘ஃபீல்’ புகுந்தது. சதுரங்கத்தில் ஆங்கிலேயர் மதகுருவாக்கிய காயை ஸ்பானியர் இன்றும் ‘அல்ஃபில்’ என்கின்றனர். யானையின் எலும்பு என்னும் பொருள்படும் அரபுத் தொடரிலிருந்தே தந்தத்தைக் குறிக்கும் ஸ்பானியச் சொல் ‘மார்ஃபில்’, போர்த்துக்கேயச் சொல் ‘மார்ஃபிம்’ ஆகியவை பிறந்தன என்பர். 1505 இல் இலங்கைக்கு வந்து, 1560 இல் மன்னாரைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், யானை பிறந்த இம்மண்ணிலேயே அதன் தந்தத்தை அரபு வழிப் பெயராலேயே விலை பேசினர். முஸ்லிம்களைப் பகைவராகக் கருதிக் கடலிலிருந்து விரட்ட முனைந்தவர்களின் நாவிலேயே அரபுச் சொல் குடியிருந்தது.

ஒல்லாந்தர் காலத்தில் வன்னியிலும் மன்னாரிலும் பிடிக்கப்பட்ட யானைகள் யாழ்ப்பாணத்துக்கு ஓட்டிச் செல்லப்பட்டு, இந்திய வணிகருக்கு விற்கப்பட்டன. ஆனையிறவு என்னும் பெயர் அந்நடையின் சுவடு. அவ்யானைகளைப் பிடித்தவர் யார்? இலங்கையின் வடக்கிலும் வடகிழக்கிலும் முஸ்லிம் ஊர்களில் வாழ்ந்த பணிக்கரே யானை பிடிப்பதில் பேர்போனவர் என்று எமர்சன் டெனன்ட் 1859 இல் வெளியிட்ட நூலில் எழுதினார். தோற்கயிறு ஒன்றே கருவியாகக் கொண்டு, யானையின் பின்காலில் சுருக்கிட்டு மரத்தோடு பிணிக்கும் தொழில் அது. உயிரைப் பணயம் வைத்த அவ்வுழைப்பாளர் காட்டில் நின்று ஒருவரையொருவர் எச்சரித்தபோது ‘ஃபீல்’ என்று கூவியிருக்க மாட்டார்கள். ‘ஆனை’ என்றே கூவியிருப்பார்கள். அவர்களே தொழுகையில் ‘அல்-ஃபீல்’ அத்தியாயத்தை ஓதியபோது அதே விலங்கை அரபுப் பெயரால் சொன்னார்கள். ஒரே மனிதனின் வாயில் இரு சொற்கள்: ஒன்று அவன் சமயத்துக்குரியது, மற்றது அவன் தொழிலுக்கும் தாய்க்கும் உரியது. இரண்டும் அவனுடையவையே.

தூய்மையும் அந்நியமும்

தம் மொழியில் புகுந்த பிறமொழிச் சொற்களைக் கண்டு அரபு அறிஞர் அஞ்சவில்லை. 1144 இல் மறைந்த அல்-ஜவாலீக்கி அத்தகைய சொற்களைத் தொகுத்துத் தனி அகராதியே செய்தார். குர்ஆனில் அந்நியச் சொல் இருக்கலாகாது என்று இமாம் ஷாஃபி போன்றோர் வாதிட்டதும் உண்மை. 1505 இல் மறைந்த அஸ்-ஸுயூத்தி அதிலுள்ள நூற்றுக்கும் மேற்பட்ட பிறமொழிச் சொற்களைப் பட்டியலிட்டதும் உண்மை. வாதம் நடந்தது, மொழி வாழ்ந்தது. நம் தொல்காப்பியமும் இயற்சொல், திரிசொல் என்பவற்றோடு திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் செய்யுளில் இடம் வகுத்தது. அறிஞர் அல்-பிரூனி 1030 அளவில் இந்தியாவைப் பற்றி எழுதிய நூலில், காண்டாமிருகத்தை அந்நாட்டார் வழங்கிய ‘கண்டா’ என்னும் பெயராலேயே குறித்தார். அந்தந்த மண்ணின் மக்களைக் கேட்டு எழுதுபவனே உண்மையான ஆராய்ச்சியாளன்.

விலங்குகளுக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேர்ந்தது. இலங்கை முஸ்லிம்களைக் குறிக்கும் ‘சோனகர்’ என்னும் சொல் ‘யவனர்’ என்பதன் திரிபு. யவனர் என்போர் ஆதியில் கிரேக்கர். போர்த்துக்கேயர் அவர்களை ‘மூர்’ என்றனர். அது வட ஆபிரிக்காவின் பழங்குடிகளைச் சுட்டிய பெயர். கிரேக்கப் பெயரும் ஆபிரிக்கப் பெயரும் இட்டு, பின்பு அரபு நாட்டார் என்று முத்திரை குத்தி, நூற்றாண்டுகளாகத் தமிழ் பேசும் மக்களை ‘வந்தவர்’ என்று சொல்வதற்குப் பெயர்கள் துணையாக்கப்பட்டன.

இதன் விளைவை முசலிப் பிரதேசம் அனுபவித்தது. மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, கொண்டச்சி, சிலாவத்துறை ஆகிய ஊர்ப்பெயர்களில் அரபு இல்லை. கரடியும் குளியும் கலப்பற்ற தமிழ். 1906 இல் மறிச்சுக்கட்டி முத்துச் சலாபத்தில் பணியாற்றிய லெனார்ட் வூல்ஃப், அங்கே அரபுச் சுழியோடிகளும் தமிழ்ச் சுழியோடிகளும் ஒரே கடலில் மூழ்கியதை எழுதியுள்ளார். எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்கு. ஒரு பங்கே மூழ்கியவருக்கு. அரபியானாலும் தமிழனானாலும் சுரண்டல் ஒன்றே. அக்கரையில் வாழ்ந்த முஸ்லிம்கள், வட மாகாணத்தின் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களோடு, 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 2009 இல் போர் முடிந்து அவர்கள் திரும்பியபோது, ஆளில்லாக் காலத்தில் ஊர்நிலத்தில் காடு வளர்ந்திருந்தது. 2012 இல் அப்பகுதி நிலங்கள் ஒதுக்கக்காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. சொந்த ஊருக்குத் திரும்பியவர்கள் காட்டை அழிக்க வந்த அந்நியர் என்று தென்னிலங்கை மேடைகளில் தூற்றப்பட்டனர்.

அருகிலுள்ள முள்ளிக்குளத்தின் கத்தோலிக்கத் தமிழ் மக்கள் 2007 செப்டெம்பரில் படையினரால் வெளியேற்றப்பட்டனர். ஊர் கடற்படை முகாமுக்குள் அடங்கியது. அவர்கள் அயலிலுள்ள காட்டுநிலத்தில் குடிசையிட்டனர். தொடர்ந்த போராட்டத்தின் பின், நிலத்தின் ஒரு பகுதி விடுவிக்கப்படும் என்று 2017 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. முஸ்லிமை வெளியேற்றியவரும் கிறித்தவத் தமிழரை வெளியேற்றியவரும் வெவ்வேறு கொடி பிடித்தவர்கள். ஆனால் ‘இது உன் இடமன்று’ என்று இருவரும் சொன்ன வாக்கியம் ஒன்றே. 1,200 ஆண்டுகளுக்கு முன் சதுப்பு நிலத்து எருமை மேய்ப்பரிடம் சொல்லப்பட்டதும் அதுவே.

ஆசிரியரும் மாணவரும் இதிலிருந்து பெறவேண்டிய படிப்பினை தெளிவானது. பிறமொழிச் சொற்களை வகுப்பில் கற்பிக்கும்போது, சொல்லையும் அதன் மூலமொழியையும் எதிரெதிரே எழுதி மனனம் செய்யச் சொல்வதோடு நின்றுவிடலாகாது. அப்பொருள் எங்கே விளைந்தது, பெயர் எவ்வழியே வந்தது, அவ்வழியில் யார் உழைத்தனர், அதனால் யார் செல்வம் பெற்றனர் என்ற நான்கு வினாக்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அவ்வாறு கேட்கப் பழகிய மாணவன், ஒரு சொல்லின் பிறப்பைக் காட்டி ஒரு மக்களின் வாழ்வுரிமையை அளக்க முனைவோரை எளிதில் நம்பமாட்டான்.

அரபு மொழி யானைக்குப் பாரசீகப் பெயரையும் மயிலுக்குக் கிரேக்கப் பெயரையும் ஏற்றதனால் வறுமையுறவில்லை. தமிழும் சிங்களமும் பெற்றதனால் வளர்ந்தனவேயன்றித் தேயவில்லை. பெயர்கள் கலந்து வாழக் கற்றுக்கொண்ட இத்தீவில், அப்பெயர்களைப் பேசும் மக்களும் தத்தம் நிலத்தில் அச்சமின்றி வாழ வேண்டும். முசலியின் வயல்வேலியில் இராக்காவல் இருக்கும் உழவன் முஸ்லிமானாலும் கிறித்தவனானாலும் ‘ஆனை’ என்றே குரல் கொடுக்கிறான். அக்குரல் கேட்டு ஓடிவரும் அயலான் அவன் சமயத்தைக் கேட்பதில்லை. அந்த ஒற்றுமையைக் காப்பதற்கு முதற்படி, வெளியேற்றப்பட்ட ஒவ்வொருவருக்கும் அவரவர் நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதே.